பேடு கூறும் செய்தி

கற்றவன் என்னும் எண்ணம் சில வேளைகளில் கண்ணுக்குத் திரையாகிவிடுகின்றது. கல்லூரியிலே விலங்கியல் கற்பிக்கும் நாம், கோழியின் சூலகத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கின்றோம். ஆயினும், முட்டையிடும் பருவத்தை எட்டிய பேட்டுக்கோழி ஒன்று எம் கண்முன்னே நின்றபோது, அதன் நிலையை நாம் அறிந்தோமல்லேம். அவ்வறியாமைக்கு விலை கொடுத்தவரோ நாமல்லர். எம் அயலவரான ஓர் ஏழைத் தாய். ஆதலின், நிகழ்ந்ததை ஒளிக்காது கூறுதல் எமது கடன்.

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை அடுத்துள்ளது எமது வீடு. அவ்வம்மையார் 2009 ஆம் ஆண்டுப் போரிலே கணவரை இழந்தவர். அடுத்த ஆண்டு, முகாமிலிருந்து கைக்குழந்தையோடு தம் வெறும் வளவுக்கு மீண்டவர். அக்குழந்தை இன்று உயர்தர வகுப்பு மாணவி. தையல் வேலையும், முற்றத்து ஊர்க்கோழிகளுமே அவ்வீட்டின் வருவாய். மகளின் கொப்பிக்கும் பேருந்துக்கும் முட்டைக்காசே உதவி வந்தது.

சென்ற தை மாதத்தில் ஒருநாட் காலை, பேடு ஒன்றைக் கையில் ஏந்தியவராய் அவர் எம்மிடம் வந்தார். ஒரே அடையிற் பொரித்த இரு பேடுகளுள் அஃது ஒன்று. இரண்டுக்கும் ஆறு மாதம் நிறைந்திருந்தது.

“சேர், இதுகளுக்கு ஏதோ வருத்தம் போல கிடக்குது. முந்திக் கையை நீட்டினால் ஓடுங்கள். இப்ப அப்படியே பதுங்கிக் குந்துதுகள். வேலியடியிலும் விறகடியிலும் அந்தரப்பட்டுத் திரியுதுகள். வியாபாரிக்குக் குடுத்துப் போடட்டோ?” என்றார்.

நாம் பேட்டை நிலத்தில் விட்டு, அதன் முதுகின்மேற் கையை நீட்டினோம். அது கால்களை மடக்கி, சிறகுகளைச் சற்றே விரித்து, நிலத்தோடு ஒடுங்கியது. கால்கள் வலுவிழந்தன போலும் என்று நாம் கருதினோம். “நோய் மற்றைக் கோழிகளுக்கும் பரவுமுன் விற்றுவிடுதலே நன்று,” என்று விலங்கியல் ஆசிரியருக்குரிய தோரணையோடு தீர்ப்பும் வழங்கினோம். அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி அதனைக் கொண்டு சென்றார். மற்றது அவர் கைக்கு அகப்படாமல் வேலிக்கப்பால் ஓடியதால் தப்பியது.

மறுநாள் எம் வீட்டுக்கு வந்த முதிய உறவினரான ஆச்சி ஒருவர், எஞ்சிய பேட்டைக் கண்டார். அதனைப் பிடித்து மடியில் வைத்து, வாலின் கீழே விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, உதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உது முட்டைக்கு நிக்குது. கொண்டையின்ரை சிவப்பைப் பார்க்கேல்லையோ?” என்றார்.

ஒன்பதாம் நாள் அப்பேடு தன் முதல் முட்டையை இட்டது.

ஆச்சி கண்டதும் நாம் காணத் தவறியதும் யாவை? பருவம் நெருங்கும்போது பேட்டின் சூலகம் விழித்துக்கொள்கின்றது. அது சுரக்கும் ஓமோன்களால் உடலும் நடத்தையும் ஒருங்கே மாறுகின்றன. வெளிறியிருந்த கொண்டையும் தாடியும் பருத்துச் சிவக்கின்றன. கழிவாயின் இருமருங்கிலும் உள்ள மெல்லிய எலும்பு முனைகளுக்கிடையே முன்னர் ஒரு விரலே நுழையும். இப்பொழுது இரண்டு, மூன்று விரல்கள் வைக்கலாம். மேலே நீண்ட கையைக் கண்டு ஒடுங்குதல், சேவலை ஏற்கும் பருவம் வந்ததன் அடையாளமேயன்றி நோயன்று. கையை எடுத்ததும் அது எழுந்து, இறகை உதறிக்கொண்டு தன் வழியே செல்லும்.

நோயுற்ற கோழியோ இரை தின்னாது. கொண்டை வெளிறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒதுங்கித் தூங்கி வழியும். அதனை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். முட்டைக்கு நிற்கும் பேடு முன்னிலும் மிகுதியாகத் தின்னும். காரணம் உண்டு. ஒரு முட்டைக்கோதிலே ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கின்றது. அதற்கான சேமிப்பை, முதல் முட்டைக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே பேடு தன் எலும்புகளின் உள்ளே தொடங்கிவிடுகின்றது. இக்காலத்தில் இடித்த சிப்பியையோ, காயவைத்து நொறுக்கிய முட்டைக்கோதையோ ஒரு சிரட்டையில் வைத்தால், வேண்டிய அளவை அதுவே கொத்திக்கொள்ளும்.

இனி, அந்த அந்தரம் எதற்கு? பேடு இடம் தேடுகின்றது. மூலைகளை எட்டிப் பார்க்கும். சருகை அலகால் எடுத்து முதுகிற் போடும். நீட்டி நீட்டிக் கேறும். எடின்பரோவில் கோழிகளின் நடத்தையை ஆராய்ந்த வுட்-கஷ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், 1960களில் இதன் மூலத்தை விளக்கினர். அவ்வேகம், வெளிவர இருக்கும் முட்டை உந்துவதால் எழுவதன்று. முந்திய நாள் மஞ்சட்கரு நீங்கிச் சென்ற சூலகப் புடைப்பிலிருந்து பிறக்கும் ஓமோன்களால் எழுவது. இடம் கிட்டும்வரை பேட்டுக்கு அமைதியில்லை. இவ்வுண்மையை உலகம் இன்று சட்டத்திலும் ஏற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் இயற்றிய விதி, 2012 முதல் முட்டைக்கோழிகளை வெறுங் கம்பிக்கூட்டில் அடைத்தலை விலக்கி, முட்டையிடுவதற்கென ஓர் ஒதுக்கிடத்தையும் கட்டாயமாக்கியது.

எம் வன்னியிலோ இஃது இன்னும் முக்கியமானது. காடு எம் வேலிக்கு அருகில் நிற்கின்றது. நாம் இடம் கொடாவிடின், பேடு பற்றைக்குள்ளே இடம் தேடிக்கொள்ளும். அங்கு கீரியும் உடும்பும் பாம்பும் முட்டைக்குக் காத்திருக்கும். அடைகிடக்கும் தாயை நரி கவர்ந்து செல்லும். ஆகவே கொண்டை சிவக்கும்போதே, பழைய கடகம் ஒன்றில் வைக்கோல் இட்டு, இருளான, காலடி படாத மூலையில் வையுங்கள். ஆச்சி செய்தது இதுவே. வெண்மையான கூழாங்கல் ஒன்றையும் அவர் அதனுள் இட்டார். முட்டை கிடக்கும் இடத்தையே பேடு விரும்பும் என்பது அவர் கண்ட அனுபவம்.

முதல் முட்டை சிறிதாயிருப்பினும், தோல் முட்டையாயிருப்பினும் கலங்கவேண்டாம். சில நாட்களில் ஒழுங்குபடும்.

விற்கப்பட்ட பேட்டின் கதை என்ன? ஊர்க்கோழி ஓர் அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இடும். ஆண்டில் மூன்று முறையேனும் அடைக்கு வரும். அந்த முட்டைகளும் குஞ்சுகளும் எமது ஒரு சொல்லால் அவ்வீட்டுக்கு இல்லாதொழிந்தன. ஈடாக ஒரு தொகையை எடுத்துக்கொண்டு நாம் அம்மையாரிடம் சென்றோம். அவர் வாங்க மறுத்தார். பின்னர், “அப்ப முட்டைக்கு முற்பணமாக வைச்சிருக்கிறன், சேர்,” என்றார். இப்பொழுது ஞாயிறுதோறும் மகள் மூன்று முட்டைகளோடு வந்து, கொப்பியொன்றில் எண்ணிக்கையைக் குறித்துவிட்டுச் செல்கின்றாள். அம்முட்டைகளை உண்ணும்போது எமக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கின்றது.

தாய்மாரே, ஆறு மாதப் பேடு முட்டையிடவில்லையென்று விற்கத் துணியுமுன், அதன் கொண்டையைப் பாருங்கள். முதுகின்மேற் கையை நீட்டிப் பாருங்கள். இன்னும் இரண்டு கிழமை பொறுத்திருங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டு ஆச்சிமார் கோழியைத் தடவிப் பார்க்கும்போது அருகில் அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் இப்பொழுது அவ்வாறே செய்து வருகின்றோம்.