தடுமாறாத பேச்சைக் கேளுங்கள்

2022 மே 18 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில், தம் பெயரில் இயங்கும் மையத்தின் மேடையில் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பேசினார். உக்ரைன் மீதான ரஷ்யாவின் போரைக் கண்டிக்க வந்தவர், தனி ஒரு மனிதரின் முடிவால் எந்த நியாயமும் இன்றி ஈராக் மீது கொடூரமான படையெடுப்பு நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். உடனே ‘உக்ரைன்’ என்று திருத்தினார். ‘ஈராக்கும்தான்’ என முணுமுணுத்தார். எழுபத்தைந்து வயதாகிவிட்டது என்று சமாளித்தார். அரங்கம் சிரித்தது.

ஈராக் போரில் மாண்ட பொதுமக்கள் மட்டுமே லட்சத்துக்கும் மேல். அந்தப் போரைத் தொடங்கியவரின் வாயிலிருந்து உண்மை வந்து விழுந்தபோது எதிரே இருந்தவர்களுக்குச் சிரிக்கத்தான் தோன்றியது. தலைவர்களின் பேச்சை எப்படிக் கேட்பது என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

புஷ் பதவியில் இருந்த காலம் முழுவதும் அவருடைய வாய்ப்பிழைகளைச் சேகரிப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. புத்தகங்கள் வந்தன, நாட்காட்டிகள் வந்தன, தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்குத் தினமும் தீனி கிடைத்தது. அதே காலத்தில், 2003 ஜனவரி 28 அன்று, நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று எழுதிவைத்த உரையை அவர் வாசித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க சதாம் உசேன் முயன்றதாகப் பிரிட்டன் கண்டறிந்திருக்கிறது என்ற வாக்கியம் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் பதினாறே சொற்கள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 5 அன்று, வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் சிறு குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி, ஈராக்கின் கிருமி ஆயுதங்கள் பற்றி விளக்கினார். தெளிவான குரல், ஒழுங்கான வாதம். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது.

அந்தப் பதினாறு சொற்கள் உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஜூலையில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பாக்தாத் வீழ்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தேடிய ஆயுதக் கிடங்குகள் இல்லை என்பதை அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004இல் உறுதிசெய்தது. ஐ.நா.வில் தாம் ஆற்றிய உரை தம் வாழ்வின் கறை என்று பவல் பின்னாளில் சொன்னார். புஷ் தடுமாறியபோதெல்லாம் உலகம் சிரித்தது. தடுமாறாமல் பேசியபோது ஒரு தேசம் அழிந்தது.

வாய்ப்பிழை பற்றிய ஆராய்ச்சிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர் ஒருவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்ததாக அறிவித்த நிகழ்ச்சியை வியன்னா மொழியியலாளர் மெரிங்கர் எழுதிவைத்தார். எதிர்ச்சொற்கள் மனத்தில் அருகருகே கிடப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற உள்ளாசையே வெளியே வந்தது என்றார் ஃபிராய்டு, 1901இல். எது சரியாக இருந்தாலும், மேடையில் நிற்பவரின் உள்மனத்தை அரை நிமிடக் காணொளியில் நம்மால் படித்துவிட முடியாது. அவர் திட்டமிட்டுச் சொன்ன வாக்கியத்தைச் சரிபார்க்க முடியும். குடிமக்களின் வேலை அதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலை இன்னும் கடினம். அண்ணா காலத்திலிருந்து மேடைப் பேச்சு இங்கே அதிகாரத்துக்கு ஏறும் படியாக இருந்துவருகிறது. சரளமாகப் பேசுவதே தகுதி என்று நம்பிவிட்டோம். கம்பராமாயணத்தைச் சேக்கிழார் எழுதியதாக எடப்பாடி பழனிசாமி சொன்னதையும், மு.க. ஸ்டாலின் பழமொழிகளை மாற்றிச் சொன்னதையும் ஆண்டுக்கணக்கில் மீம் போட்டுக் களித்தோம். துண்டுச்சீட்டைப் பார்த்துப் படிப்பதே குற்றம் என்கிறோம். ஒதுக்கிய நிதியையும் சட்டப் பிரிவையும் தாளைப் பார்த்துச் சரியாகச் சொல்பவர், தாளில்லாமல் முழங்கிப் பொய்யான கணக்கைச் சொல்பவரைவிட மக்களுக்கு மரியாதை தருகிறார். ஒரு புலவரின் பெயர் மாறியதால் எந்தக் குடும்பத்தின் ரேஷன் அரிசியும் குறையவில்லை. அந்தந்த ஆட்சியின் வரவுசெலவு அறிக்கைகளை இதே ஆர்வத்தோடு எத்தனை பேர் வரி வரியாகப் படித்தோம்?

மறுபக்கமும் உண்டு. ஒரு சாதியை, ஒரு மதத்தை, பெண்களை இழிவுபடுத்திப் பேசிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்று நழுவுவோருக்கு எந்தச் சலுகையும் கூடாது. வாய்ப்பிழை பெரும்பாலும் ஒரு சொல்லில் நிகழ்கிறது. சொன்னவரே திடுக்கிட்டுத் திருத்துவார். பீடிகை போட்டு, கதையாக வளர்த்து, கைதட்டலுக்கு நிறுத்தி, அடுத்த ஊரிலும் அதையே சொன்னால் அது கொள்கை. அதற்கு மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, பதவியைக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

தடுமாற்றம் ஓயாமல் தொடர்ந்தால் கவலைப்பட வேண்டியதுதான். 2024 ஜூலை 11 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியை ரஷ்ய அதிபரின் பெயரால் ‘புதின்’ என்று அறிமுகப்படுத்தினார். பத்து நாளில் தேர்தல் களத்திலிருந்தே விலகினார். அவருடைய முதுமை பற்றிக் கேட்க வாக்காளர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் சிறுவயது முதல் திக்குவாயோடு போராடியவர் அவர். அத்தகைய ஒருவரின் திறமையை எடைபோட அவர் எடுத்த முடிவுகளைப் பார்க்க வேண்டும், நாக்கை அல்ல.

பத்திரிகைகளிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தலைவர்களின் உரைகளை முழுமையாக வெளியிடுங்கள். அவற்றில் வரும் எண்களை, வரலாற்றை, வாக்குறுதிகளை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வாசகர்களிடம் கேட்பதும் அதுவே: பேச்சாளர் திக்கும் இடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கைதட்டல் எழும் இடத்தில் விழித்திருங்கள். மக்களை ஏமாற்றும் வாக்கியங்கள் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டே மேடைக்கு வருகின்றன.