ஏட்டுச் சுரைக்காய்

எண்ணெய் ஜலத்தின்மேல் மிதக்கும் என்பதை அறியப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை. நம் சமையலறையே போதும். ஆனால், 2010-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலுள்ள கலமஸூ நதியில் கலந்த எண்ணெய், இந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை. அதில் ஒரு பங்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

என்பிரிட்ஜ் என்னும் கனடா தேசத்துக் கம்பெனி 1969-ல் பதித்த குழாய் ஒன்று அவ்வழியே சென்றது. அதில் வந்தது சாதாரணக் கச்சா எண்ணெய் அன்று. தார் போன்ற கெட்டிப் பொருளில் ஒரு மெல்லிய திரவத்தைக் கலந்து, ஓடும்படி செய்து அனுப்பியிருந்தார்கள். வெளியே கொட்டியதும் மெல்லியது ஆவியாயிற்று. தாரில் ஒரு பகுதி வண்டலோடு சேர்ந்து மூழ்கிற்று.

ஜூலை 25 மாலை சுமார் ஆறு மணிக்கு, மார்ஷல் என்ற சிற்றூருக்கு அருகில் அந்தக் குழாய் ஏறக்குறைய ஏழடி நீளத்துக்குக் கிழிந்தது. தூரத்தில், எட்மண்டன் நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்புகள் எழுந்தன. அங்கிருந்தவர்களோ, குழாய்க்குள் எண்ணெய் இடைவெளி விட்டு ஓடுகிறது என்று தீர்மானித்து, பம்புகளை மறுபடியும் முடுக்கினார்கள். ஒரு தடவை அன்று, இரண்டு தடவை! கொட்டியதில் நூற்றுக்கு 81 பங்கு இவ்விரு தடவைகளிலும் கொட்டியதுதான். பத்து நிமிஷத்துக்குள் காரணம் விளங்காவிட்டால் குழாயை நிறுத்தவேண்டும் என்று அவர்களிடமே ஒரு விதி இருந்தது. 1991-ல் மின்னெஸோட்டா மாகாணத்தில் நேர்ந்த ஒரு பெரிய உடைப்புக்குப் பிறகு ஏற்பட்ட விதி அது. விதி இருந்தது; அது ஏன் வந்தது என்ற ஞாபகந்தான் இல்லை.

அன்றிரவே ஊர் ஜனங்கள் நாற்றம் தாங்காமல் தீயணைப்புப் படைக்குச் சொன்னார்கள். படையினர் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். மறுநாள் முற்பகலில் வேறொரு காஸ் கம்பெனியின் ஊழியர் கண்ணால் கண்டு தெரிவித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் 17 மணி நேரம் கழிந்துவிட்டது. சுமார் 8,43,000 காலன், அதாவது 32 லட்சம் லிட்டர், மழை வெள்ளத்தோடு ஓடைக்கும் அங்கிருந்து நதிக்கும் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 320 பேர் தேக அசௌகரியங்களைத் தெரிவித்தார்கள்.

சட்டம் இல்லையோ என்று வாசகர்கள் கேட்கலாம். பேஷாக இருந்தது! 1988 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே ஒரு டீஸல் தொட்டி வெடித்துச் சரிந்து, மொனங்கஹீலா நதியும் ஓஹையோ நதியும் கெட்டன. லட்சக்கணக்கானவர்களின் குடிநீருக்கு ஆபத்து வந்தது. அடுத்த வருஷம் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரை தட்டியது. அதன் பலனாக 1990-ல் எண்ணெய் மாசுச் சட்டம் பிறந்தது. மிக மோசமான விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு கம்பெனியும் முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். சர்க்கார் அதைப் பரிசீலிக்கவேண்டும்.

என்பிரிட்ஜும் எழுதிக் கொடுத்தது; சர்க்காரும் அங்கீகரித்தது. ஆனால் படித்தவர் யார்? 2012-ல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட விசாரணை அறிக்கையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுமார் 450 திட்டங்களைப் பார்ப்பதற்குக் குழாய்ப் பாதுகாப்பு இலாகாவில் இருந்தவர்கள் ஒன்றரை உத்தியோகஸ்தர்களாம். (அரை உத்தியோகஸ்தர் என்றால், பாதி வேலை நேரத்தை இதற்குக் கொடுப்பவர் என்று கொள்க.)

திட்டம் களத்துக்கு வந்தபோது அதன் லட்சணம் தெரிந்தது. முதலில் வந்தவர்கள் உள்ளூர் ஊழியர் நால்வர். ஓடையிலேயே தடுக்கவேண்டிய எண்ணெயை, அவர்கள் வெகுதூரம் கீழே போய்த் தடுக்க முயன்றார்கள். வேகமாக ஓடும் வெள்ளத்துக்கு மிதவைத் தடுப்புகள் உதவா. ஓடையின் குறுக்கே மண்ணணை போட்டு, அடியில் ஒரு குழாய் வைத்தால், தண்ணீர் கீழே போகும். மேலே மிதப்பது நிற்கும். இந்த எளிய வித்தை அவர்களுக்குப் பழக்கப்படுத்தப்படவில்லை. உதவிக்குக் குறிக்கப்பட்டிருந்த பெரிய ஒப்பந்தக்காரர்களோ தொலைவிலுள்ள மின்னெஸோட்டாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

ஓட்டைக் குழாயைவிட இந்த அங்கீகார முத்திரையே எனக்கு அதிகத் திகிலைத் தருகிறது. குழாய் துருப்பிடித்தால் கருவி கொண்டு சோதிக்கலாம். 2005-ஆம் வருஷச் சோதனையிலேயே அந்தப் பகுதியில் வெடிப்பின் அடையாளங்கள் தென்பட்டிருந்தன. படிக்காமல் குத்திய முத்திரையைச் சோதிக்க எந்தக் கருவி இருக்கிறது? முத்திரை இல்லாதிருந்தால், ஆற்றங்கரை ஊரார் தங்கள் தற்காப்பைப் பற்றித் தாங்களாவது யோசித்திருப்பார்கள்.

பின்னர் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் நிபுணர்கள், இவ்வகைத் தார் எண்ணெய்க்கு இருக்கும் விதிகள் போதா என்று எழுதினார்கள். குழாயில் ஓடுவது இன்ன எண்ணெய் என்பதைத் தீயணைப்பவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்பது அவர்கள் யோசனையின் சாரம். 2016-ல் வழக்குத் தீர்வாகி, கம்பெனி 6 கோடி டாலருக்கு மேல் அபராதம் செலுத்த இசைந்தது. நதியின் அடியிலிருந்து வண்டலை வாரும் வேலையோ, எண்ணெய் கொட்டி நாலு வருஷமான பிறகும், 2014-ல் நடந்துகொண்டிருந்தது.