ஊர்ச் சாலையில் ஒரு நாள்

கேள்வி: மாடம்பாக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு முன்பு நிலம் இருந்தது. இப்போது சுற்றிலும் வீடுகள்தான். பிள்ளைகள் நெல்வயலில் கால் வைத்ததே இல்லை. பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் அவர்களைக் காரில் அழைத்துப்போய் ஏரிப்பாசனத்தையும் அறுவடையையும் காட்ட விரும்புகிறோம். எந்தப் பக்கம் போகலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகர், மாடம்பாக்கம்.

பதில்: சொந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்கோயில். யானை படுத்திருப்பதுபோலப் பின்புறம் வளைந்த விமானம் என்பதால் ‘தூங்கானை மாடம்’ என்பார்கள். பக்கத்திலேயே ஏரி. கோயில், ஏரி, வயல் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து ஊர். 2021-ல் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டாலும், ஏரி ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் புறப்படலாம்.

அகரம்தென், மதுரப்பாக்கம், பொன்மார், மாம்பாக்கம், காயார் வழியாகப் போய் திருப்போரூர் - செங்கல்பட்டு சாலையைப் பிடிக்கலாம். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, பாலாற்றைத் தாண்டி, படாளத்தில் வலப்புறம் திரும்பினால் வேடந்தாங்கல். ஏரிக்கரைச் சாலை வந்தால் ஓரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். கரைக்கு ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் தாழ்வாக ஆயக்கட்டு வயல். மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் மிச்சம் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு ஓடுகிறது. புத்தகத்தில் ஒரு பாடம் படிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று பல பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கலப்பதால் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசனத்தோடு வயலுக்கு வருகின்றன. இதை அறிந்த ஊர் மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து வெள்ளைக்காரக் கலெக்டரிடமே முறையிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதுகாப்பு உத்தரவும் வாங்கினார்கள். சரணாலயம் என்று அரசு பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே விவசாயிகள் காத்த ஏரி அது. காலையிலோ மாலையிலோ போனால் பறவைகளை நன்றாகப் பார்க்கலாம்.

இனி, கவனிக்க வேண்டியவை. பொங்கலையொட்டி சம்பா அறுவடை நடக்கும். களம் இல்லாத ஊர்களில் நெல் சாலையில்தான் காயும். அதன்மேல் காரை ஏற்றக் கூடாது. சக்கரம் ஏறினால் நெல் உடையும், கல்லும் மண்ணும் கலக்கும். கொள்முதல் நிலையத்தில் நஷ்டம் விவசாயிக்குத்தான். வழி இல்லையென்றால் இறங்கிக் கேட்டால் ஒதுக்கிக் கொடுப்பார்கள். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் முதலில் வழிவிட வேண்டும். வயலுக்குள் வண்டி இறங்கும் இடத்தில் காரை நிறுத்தக் கூடாது. முக்கியமாக, தெரியாத ஏரியில் பிள்ளைகளைக் குளிக்க விடவே கூடாது. மண் எடுத்த பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களையும் அவை விட்டுவைத்ததில்லை.

நெல் காயவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால்தான் சாலைக்கு வருகிறார்கள். அந்த அவசரம் நியாயமானது. ஆனால், வளைவிலும் முழுச் சாலையிலும் நெல்லைப் பரப்பக் கூடாது. காவலுக்கு வைத்த கல்லையும் முள்ளையும் இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இரவில் அந்தக் கல்லில் மோதி விழப்போவது பெரும்பாலும் அதே ஊர் இருசக்கர வண்டிக்காரர்தான்.

நிரந்தரத் தீர்வு, ஊருக்கு ஓர் உலர்களம். ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் இடத்தைக் குறிப்பிட்டு, உலர்களம் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் தொடர்ந்து கேட்க வேண்டும்.

நேரம் இருந்தால் வேடந்தாங்கலுக்கு வடமேற்கில் உள்ள உத்திரமேரூருக்கும் போய் வரலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை மூலம் ஆள் எடுத்த முறையை அவை சொல்கின்றன. அப்படி எடுத்த வாரியங்களில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் உண்டு. கிராம சபைக்குப் போகாமல் இருப்பவர்களும் குடும்பத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.