எலும்பு எக்கட்சி?

சிந்துவெளியில் குதிரை இல்லையென்றால் நம்மவர் மகிழ்கிறோம். உண்டு என்றால் எதிர்க்கட்சியார் மகிழ்கிறார்கள். எலும்பு என்ன சொல்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்?

குஜராத்தின் கச்சுப் பகுதியில் உள்ளது சுர்கோட்டடா என்னும் சிந்துவெளிக் காலத்து ஊர். அங்கே அகழ்ந்தெடுத்த எலும்புகளில் குதிரையும் உண்டு என்று 1974இல் ஏ. கே. சர்மா எழுதினார். பின்னர் அவற்றை ஆராய்ந்த ஹங்கேரி அறிஞர் சாந்தோர் பொகோனியும் அதற்கு உடன்பட்டார். கடைவாய்ப் பற்களின் எனாமல் மடிப்பு, முன்பற்கள் மற்றும் விரலெலும்புகளின் அளவு, வடிவம் ஆகியவையே அவர் காட்டிய சான்றுகள். அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு மெடோ இம்முடிவை ஏற்கவில்லை. ஐயத்திற்கு இடம் உண்டு. கச்சின் ரண் நிலத்தில் காட்டுக்கழுதை இன்றும் திரிகிறது. குதிரையின் எலும்பும் அதன் எலும்பும் நெருங்கிய உறவினருடையவை.

சரி, குதிரை என்றே கொள்வோம். அது வளர்ப்புக் குதிரை என்பது எப்படித் தெரியும்? பனியூழிக்குப் பின் இந்தியாவில் காட்டுக்குதிரை இல்லை. எனவே இது வளர்த்ததே என்றார் பொகோனி. பல்லில் அப்படிப் பொறித்திருக்கவில்லை. அறிவால் உய்த்துணர்ந்தது அது.

நண்பர்களே! தமிழின் பெருமை ஒரு கழுதைப் பல்லில் தொங்கவில்லை. எந்த எலும்பு, எந்த மண்ணடுக்கு, எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்போம். நமக்கு உவப்பான முடிவையும் அதே கேள்விகளால் சோதிப்போம். அதுவே பகுத்தறிவு என்பேன்.