காற்று இறங்கிய இடத்தில்



இந்தப் பயணச் சிறப்பிதழுக்காகப் பழைய குறிப்பேடுகளைத் தேடியபோது, இழுப்பறையின் அடியில் ஒரு சைக்கிள் ட்யூப் கிடைத்தது. நடுவில் ஒரு ஒட்டு. ஓரங்கள் சீராகத் தேய்க்கப்பட்டு, விரலால் தடவினால் மேடு தெரியாத ஒட்டு. சில ஆண்டுகளுக்கு முன் கியூபாவில் போட்டது. அந்த ட்யூபைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இந்த இதழை அனுப்ப மனம் வரவில்லை.

கரீபியன் தீவுகளிலேயே பெரியது கியூபா. மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர் நீளம். மழை குறைந்த நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சைக்கிள் பயணத்துக்கு ஏற்ற காலம். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கிழக்கே தொடங்கி மேற்கு நோக்கி வருவார்கள். முதுகைத் தள்ளும் காற்றின் அருமை, எதிர்காற்றில் ஒரு நாள் மிதித்தவருக்குத்தான் தெரியும்.

கிழக்குக் கோடியில் இருக்கிறது பராகோவா. 1511-இல் ஸ்பானியர்கள் கியூபாவில் அமைத்த முதல் ஊர். 1960-களில் ‘லா ஃபரோலா’ என்ற மலைப்பாதை போடப்படும் வரை, அந்த ஊருக்குப் போக முறையான வழி கடல்தான். அந்தப் பாதையின் வளைவுகளில் ‘குகுருச்சோ’ விற்றுக்கொண்டு நிற்பார்கள். துருவிய தேங்காயையும் சர்க்கரையையும் பழங்களையும் சேர்த்துக் கிளறி, பனைமரத்து மட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்த இனிப்பு. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது ஒன்றை வாங்கிப் பிரித்தேன். பிசுபிசுத்த விரல்களோடு அந்த வளைவில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம், இன்றும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தீவில் சைக்கிள், உல்லாசத்துக்கு வந்த வண்டி அல்ல. பஞ்சத்தில் வந்த வண்டி. சோவியத் ஒன்றியம் தந்துவந்த எண்ணெயை நம்பித்தான் கியூபாவின் பேருந்தும் டிராக்டரும் ஆலையும் ஓடின. 1991-இல் அந்த ஒன்றியமே இல்லாமல் போனது. 1962 முதல் அமெரிக்காவின் வணிகத் தடையும் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அந்த நெருக்கடிக்கு அரசு வைத்த பெயர் ‘சிறப்புக் காலகட்டம்’. அப்போதுதான் சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் கப்பலேறி வந்தன. ஃப்ளையிங் பிஜன், ஃபாரெவர் என்று பெயர் தாங்கிய கனத்த இரும்பு வண்டிகள். கியர் கிடையாது. மருத்துவர் அதில் மருத்துவமனைக்குப் போனார், ஆசிரியை பள்ளிக்கூடம் போனார், வீட்டுக்காரர் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி வாங்கப் போனார். ஹவானா விரிகுடாவின் அடியில் செல்லும் சுரங்கச் சாலையில் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. அதற்காகவே இருக்கைகளைக் கழற்றிய பேருந்து ஒன்றை விட்டார்கள். வண்டியும் ஆளுமாக ஏறி நின்று அக்கரை போனார்கள்.

அந்த ஆண்டுகளில் கியூப மக்களின் எடை சராசரியாக ஐந்தரை கிலோ குறைந்தது என்றும், பிறகு சர்க்கரை நோயாலும் இதய நோயாலும் இறப்பது குறைந்தது என்றும் 2013-இல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. சைக்கிளின் பெருமையாக இதை எடுத்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக் கணக்காகத் தெரியவில்லை. அதே காலத்தில் சத்துக் குறைவு முக்கியக் காரணமாக, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்வை நரம்போ மற்ற நரம்புகளோ பாதிக்கப்பட்டன. அரை வயிற்றோடு மிதித்தவர்களின் உடல் அது. அவர்கள் மிதித்த சாலையில், விருப்பப்பட்டு மிதிக்கப் போகிறவர்கள் இதை அறிந்து போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, ட்யூபுக்கு வருகிறேன். தெற்குக் கரையில் பிளாயா லார்கா என்ற சிற்றூரிலிருந்து ஹிரோன் வரை பன்றி விரிகுடாவை ஒட்டி ஒரு சாலை உண்டு. முப்பத்தைந்து கிலோமீட்டர். மேடு பள்ளமே இல்லை. ஒரு பக்கம் கண்ணாடிபோல் கடல், மறுபக்கம் சபாத்தா சதுப்புநிலக் காடு. 1961-இல் உலகமே பேசிய படையெடுப்பு இங்கேதான் நடந்தது. ஒவ்வொரு ஆண்டும் மழை தொடங்கும் பருவத்தில் இதே சாலையை வேறொரு படை கடக்கிறது. காட்டில் வாழும் சிவப்பு நண்டுகள், முட்டைகளைக் கடலில் விட லட்சக்கணக்கில் இறங்கி வரும். காலையிலும் மாலையிலும் சாலையே நகர்வதுபோல் இருக்கும். வண்டிகளில் நசுங்கிய ஓடுகள் கண்ணாடிச் சில்லாய்க் கிடக்கும்.

என் பின்சக்கரத்தில் ஓர் ஓடு ஏறியது. வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பழைய டயர் ஒன்று தொங்கியது. அதுதான் அடையாளம், ‘பொன்ச்செரா’. பஞ்சர் கடை. பஞ்சருக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘பொன்ச்சே’. நாம் ‘பஞ்சர்’ என்பதும் அவர்கள் ‘பொன்ச்சே’ என்பதும் ஆங்கிலத்திலிருந்து பிறந்தவை. எனக்கு ஸ்பானிய மொழி அரைகுறை. ஆனால் அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கவிழ்த்தார். இரண்டு கரண்டிக் காம்புகளால் டயரை நெம்பினார். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை ஈர்க்குச்சியால் குறித்தார். பிறகு உப்புத்தாள். அவசரமே இல்லாமல், ரப்பரின் பளபளப்பு போகும் வரை வட்டமாகத் தேய்த்தார். ஒட்டும் பசை கிடைப்பதில்லையாம். ஒரு பச்சை ரப்பர் துண்டை வெட்டி வைத்து, சூடேற்றிய இரும்பை அதன்மேல் இறுக்கினார். அது பிடிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து கரும்புச்சாறு வந்தது. பிறகு பேரப்பிள்ளைகள் வந்தார்கள். என் ஊர் எங்கே என்று கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் பெயர்கூடத் தெரியாத அந்தச் சாலையோரம், நான் உட்கார்ந்து பேசிய ஊர் ஆயிற்று.

காரில் போயிருந்தால் அந்தத் திண்ணையைக் கடக்க இரண்டு விநாடி ஆகியிருக்கும். சைக்கிள், போகிற வழியில் பிறர் உதவியைக் கேட்க வைக்கிறது. தண்ணீர் கேட்க வேண்டும், வழி கேட்க வேண்டும், கதவில் நீல நங்கூரக் குறி மாட்டிய வீட்டில் இரவு தங்க இடம் கேட்க வேண்டும். கேட்டு நிற்கும்போதுதான் ஓர் ஊர் நமக்குத் தன் முகத்தைக் காட்டுகிறது.

கேட்ட கூலியைக் கொடுத்தேன். பையில் இருந்த இரண்டு புது ட்யூபையும் கொடுத்தேன். கூலியை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டவர், ட்யூபை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது பள்ளிக்கூடத்துப் பையனுக்கு” என்று உள்ளே கொண்டுபோய் வைத்தார். மீதிப் பயணம் முழுக்க அவர் ஒட்டிய ட்யூபில்தான் வந்தேன். காற்று இறங்கவே இல்லை.

கியூபாவில் இன்று மீண்டும் எரிபொருள் தட்டுப்பாடு. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நீங்கள் யாராவது அங்கே சைக்கிளோடு போவதாக இருந்தால், ட்யூபும் பசையும் உப்புத்தாளும் தேவைக்கு மேல் எடுத்துப் போங்கள். திரும்பும்போது ஏதாவது ஒரு திண்ணையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போக முடியாதவர்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வழியில் உங்கள் வண்டி நின்றபோது யார் எழுந்து வந்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்