இயங்குதளத்தை நாங்களே நிறுவிக்கொள்ள வழி செய்யக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், சென்னை.
மேலாண்மை இயக்குநர், எல்காட் நிறுவனம், சென்னை.

பொருள்: அரசு வாங்கும், வழங்கும் கணினிகளில் பார்வையற்றவர் பிறர் உதவியின்றி இயங்குதளம் நிறுவ வகைசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்நாட்டில் கணினி பயன்படுத்தும் பார்வையற்றோரின் சங்கம் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். கோரிக்கை ஒன்றுதான். அரசுப் பணத்தில் வாங்கப்படும் எந்தக் கணினியிலும், வெற்று வட்டிலிருந்து தொடங்கி வரைகலைத் திரை பேசும் வரை உள்ள வேலை முழுவதையும் ஒரு பார்வையற்றவர் தனியாக உட்கார்ந்து முடிக்க முடிய வேண்டும். இதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். அணுகல் வசதி என்றதும் இணையதளம், ஆவணம், செயலி ஆகியவைதான் பேசப்படுகின்றன. கணினி என்று வந்தால் "திரைவாசிப்பான் இருக்கிறதா" என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தத் திரைவாசிப்பான் வாய் திறப்பதற்கு முன்னால் வரும் திரைகள் யார் கணக்கிலும் வருவதில்லை. எந்த வட்டை அழிப்பது, நிர்வாகிக் கடவுச்சொல் என்ன என்பதெல்லாம் முடிவாவது அந்த ஊமைத் திரைகளில்தான்.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயம் எழுந்தால், விடை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. டெபியன் லினக்ஸ், 2013 மே மாதம் வெளியான 7-ஆம் பதிப்பிலேயே, பிரெய்ல் கருவி வைத்திராத பார்வையற்றவரும் பேச்சின் துணையோடு நிறுவிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. வேலை நடக்கும் விதம் மிக எளிது. பென் டிரைவிலிருந்து கணினி எழும்போது தொடக்கப் பட்டியல் தயாரானதும் 'பீப்' ஒலி வரும். பழைய பயாஸ் கணினியில் ஒரு முறை, புதிய யூஇஎஃப்ஐ கணினியில் இரண்டு முறை. அப்போது 'எஸ்' விசையையும் என்டரையும் அழுத்தினால் சற்று நேரத்தில் ஒலித்தொகுப்பி பேசத் தொடங்கும். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருந்தால் (எச்டிஎம்ஐ வழி ஒன்று, ஒலிபெருக்கி வழி ஒன்று என்று இருப்பது இன்று சாதாரணம்) ஒவ்வொன்றிலும் மாறி மாறிக் குரல் கொடுத்து, கேட்கும் இடத்தில் என்டர் அழுத்தச் சொல்லும். அங்கிருந்து வட்டைப் பிரிப்பது முதல் பயனர் கணக்கு தொடங்குவது வரை ஒவ்வொரு கேள்வியும் காதுக்கு வரும், எண்ணைத் தட்டிப் பதில் சொல்லலாம். பேச்சோடு நிறுவியவருக்கு வரைகலைத் திரையிலும் ஓர்கா திரைவாசிப்பான் தயாராக இருக்கும்படி நிறுவியே அமைத்துவிடுகிறது. எவரும் கூடுதல் பணம் கேட்காத, மூலநிரல் திறந்த ஏற்பாடு இது. விண்டோசின் நிறுவல் திரையிலும் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசும். ஆகவே உலகில் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

அப்படியானால் நிபந்தனை எதற்கு என்று கேட்கலாம். இருக்கும் வசதி கவனக்குறைவால் எளிதில் போய்விடுகிறது என்பதே காரணம். 2019, 2020-ஐ ஒட்டி வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலி வருவதற்குத் தனியான ஃபர்ம்வேர் கோப்புகள் தேவைப்பட்டன. அவை டெபியனின் கட்டற்ற தொகுப்பில் அடங்காதவை என்பதால் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கப்படவில்லை. பார்வையுள்ளவர் அந்த வட்டை வைத்து நிறுவிவிட்டுப் பிறகு ஒலியைச் சரிசெய்துகொண்டார். பார்வையற்றவருக்கோ முதல் கேள்வியே காதில் விழவில்லை. 2022 அக்டோபரில் முடிந்த வாக்கெடுப்பின் வழியே டெபியன் உருவாக்குநர்கள் விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அக்கோப்புகள் வட்டிலேயே வருகின்றன. டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவின் கதை இதற்கு நேர்மாறு. அதன் பழைய நிறுவியை ஓர்கா துணையோடு பயன்படுத்த முடிந்தது. புதிதாக எழுதிய நிறுவியோடு 24.04 பதிப்பு வந்தபோது, திரைவாசிப்பான் ஆதரவு இன்னும் முழுமையடையவில்லை என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுத வேண்டியதாயிற்று. இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. வட்டில் நிறுவாமல் சோதனை முறையில் ஓடும் திரை சாதாரணப் பயனரின் பெயரில் இயங்க, அதன்மேல் திறக்கும் நிறுவி மட்டும் ரூட் உரிமையோடு இயங்கினால், இரண்டுக்கும் இடையே அணுகல் செய்திகள் போகும் வழி அடைபட்டுவிடக்கூடும். மற்ற எல்லாவற்றையும் படிக்கும் ஓர்கா, நிறுவியின் சாளரத்துக்கு வந்ததும் மௌனமாகிவிடும். திரையைப் பார்த்துச் சோதிப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. எனவே டெபியனை அடியாகக் கொண்டு எந்த அரசுப் பதிப்பை உருவாக்கினாலும், தாய்ப் பதிப்பில் பேச்சு இருக்கிறது, நம்முடையதிலும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. சோதித்தால்தான் தெரியும்.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெபியன் நிறுவியின் வரைகலை முகத்தில் தமிழ் உண்டு. பேச்சோடு இயங்குவது அதன் எழுத்து முகம். அங்கே தமிழ் இல்லை. காரணம், அந்தக் கறுப்புத் திரையால் தமிழ் எழுத்துகளை வரைய முடியாது. கேட்பவருக்கு எழுத்தை வரைந்து காட்டவே தேவையில்லை என்ற நிலையில், வரைய முடியாததைக் காரணமாக்கி அவருக்கு மொழி மறுக்கப்படுவது விசித்திரம். இஸ்பீக் என்ஜி ஒலித்தொகுப்பிக்குத் தமிழ் பேசத் தெரியும். உச்சரிப்பு இயந்திரத்தனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் "வட்டு முழுவதும் அழிக்கப்படும், தொடரவா" என்று அது தமிழில் கேட்டால் எந்தக் கிராமப்புற மாணவருக்கும் புரியும். மொழிபெயர்ப்பும் இருக்கிறது, குரலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. அதைச் செய்ய வேறு எந்த மாநிலமும் முன்வரப்போவதில்லை.

"இயங்குதளத்தைப் போட்டுத்தானே கொடுக்கிறோம், நீங்கள் ஏன் நிறுவ வேண்டும்" என்பது வழக்கமாக வரும் மறுப்பு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் அப்படித்தான் கொடுக்கப்பட்டது. கொடுத்த நாளில் அந்தப் பதில் சரி. வட்டு பழுதாகி மாற்றும்போது, வைரஸ் புகுந்து மொத்தத்தையும் அழிக்கும்போது, பதிப்புக்கு ஆதரவு முடியும்போது அந்தப் பதில் உதவாது. கணினி நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டுமானால் இவற்றில் ஒன்றாவது நடந்தே தீரும். அப்போது கடைக்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கூப்பிடலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நிர்வாகிக் கடவுச்சொல்லை அவர்தான் தட்டுகிறார், வட்டைப் பூட்டும் ரகசியச் சொல்லையும் அவரிடமே உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்புகளும் அந்தக் கணினிக்குள்தான் இருக்கின்றன. மேலும், உதவ வருபவருக்கு ஓர்கா என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். பயனர் திரையில் அதை இயக்கிவிட்டாலும் உள்நுழைவுத் திரைக்கு அந்த அமைப்பு தானாகப் போய்ச் சேராது, இரண்டின் அமைப்புகளும் தனித்தனி. "எல்லாம் போட்டாச்சு" என்று அவர் போன பிறகு, கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே கணினி ஊமையாக நிற்கும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கணினி அறிவியல் படிக்கும் பார்வையற்ற மாணவர் கணினி நிர்வாகியாக வேலைக்குப் போனால், அவர் முதலில் செய்ய வேண்டிய வேலையே இயங்குதளம் நிறுவுவதுதான்.

எண்ணிக்கை குறைவு என்பது அடுத்த மறுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர். 2025–26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் வழங்கப்படும் என்று அறிவித்தது. அவர்களில் பார்வையற்றோர் மிகச் சிலராகவே இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் இங்கே செலவு ஆளுக்கு ஆள் கூடுவதில்லை. பேச்சுக்கான கோப்புகள் சில மெகாபைட் இடத்தைத்தான் பிடிக்கும், உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு மூலப் பிரதியை ஒருமுறை சரியாகத் தயாரித்துவிட்டால், அது எத்தனை லட்சம் கணினிகளில் ஏறினாலும் கூடுதல் காசு ஆகாது. சிறப்புப் பள்ளிகளுக்கு மட்டும் தனியாக ஒரு பதிப்பு என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தனிப் பதிப்புகள் ஒரு முறை வெளியாகி, பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியாகிவிடும்.

நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. கணினியின் பயாஸ் அமைப்புத் திரை பேசாது. அதை எந்த இயங்குதளமும் சரிசெய்ய முடியாது. ஒப்புக்கொள்கிறோம், அதைப் பேசவைக்கச் சொல்லவும் இல்லை. அந்தத் திரைக்குள் போகவேண்டிய தேவையையே இல்லாமல் செய்யுங்கள் என்கிறோம். பென் டிரைவ் செருகியிருந்தால் அதிலிருந்து முதலில் எழும்படி தொழிற்சாலையிலேயே அமைத்துத் தரலாம். அல்லது அதற்கு ஒரே விசை போதும்படி செய்து, அது எந்த விசை என்பதைக் கையேட்டில் பிரெய்லிலும் ஒலியிலும் தரலாம்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருட்கள் எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை வந்துவிட்டது. முதல் பகுதி 2021-இலும் இரண்டாம் பகுதி 2022-இலும் வெளியாயின. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டு, அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15(1) விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் தந்தது. வேறொரு வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பில் அதே நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒன்றிய விதிகளுக்காகக் காத்திருக்காமல், மாநில அரசு தன் கொள்முதல் நிபந்தனையில் இதைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். இனி வரும் ஒவ்வொரு கணினி ஒப்பந்தப்புள்ளியிலும், வழங்கப்படும் இயங்குதளத்தின் நிறுவி, உள்நுழைவுத் திரை, பயனர் திரை மூன்றும் விசைப்பலகையாலும் பேச்சாலும் முழுமையாக இயங்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட வேண்டும். நிறுவல் தொடங்கும்போது ஒலிக்குறி வர வேண்டும், தமிழ்ப் பேச்சைத் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். மாதிரிக் கணினியை ஏற்பதற்கு முன், அதன் வட்டைத் துடைத்துவிட்டு, திரையை அணைத்து, ஒரு பார்வையற்றவரின் கையில் பென் டிரைவைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அவர் பிறரைக் கேட்காமல் பயனர் திரைக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே அந்த மாதிரியை ஏற்க வேண்டும். இயங்குதளத்தின் பதிப்பு மாறும்போதெல்லாம் இதே சோதனை மறுபடி நடக்க வேண்டும். சோதிக்க ஆட்களை எங்கள் சங்கம் தரும். அவர்களுக்கு அரசு விதிப்படியான தினப்படி தந்தால் போதும். அடுத்த கொள்முதலுக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பை இறுதி செய்வதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை அழைத்து, நிறுவல் முறையை நேரில் செய்துகாட்ட ஒரு தேதி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்