பெயர் கூப்பிடுவதற்கே

குழந்தைக்குப் பெயர் வைப்பது குடும்ப விஷயம், அதில் வெளியார் கருத்துச் சொல்லக்கூடாது என்பார்கள். ஆனாலும் நம் சங்கத்தில் அண்மையில் எழுந்த ஒரு விவாதம் பலருக்கும் பயன்படும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். உறுப்பினர் ஒருவரின் மகளும் மருமகனும் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில் வேலை பார்க்கிறார்கள். தங்களுக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு அந்த மண்ணின் பழைய மொழியான கேலிக்கில் பெயர் வைக்க ஆசைப்படுகிறார்கள். "நமக்கு எதற்கு அந்நியப் பெயர்?" என்கிறார்கள் ஒரு சாரார். "பிறந்த ஊரில் எல்லோர் வாயிலும் எளிதாக நுழையும் பெயராக இருக்கட்டுமே" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு தரப்பும் பாதி விஷயத்தைத்தான் பார்க்கின்றன என்பது என் கருத்து.

முதலில் எளிமையைப் பார்ப்போம். கேலிக் பெயர்கள் பிறருக்கு எளிதானவை அல்ல. ஸ்காட்லாந்தில் பெண் குழந்தைகளுக்குப் பலரும் விரும்பி வைக்கும் பெயர்களுள் ஒன்று 'ஏலி'. அதன் எழுத்துகளை ஆங்கில முறையில் கூட்டிப் படித்தால் 'எய்லித்' என்றுதான் வரும். லண்டனிலிருந்து வருகிறவரே தடுமாறுவார். அதற்காகப் பெற்றோர் பெயரைக் கைவிடுவதில்லை. தெரியாதவருக்கு ஒருமுறை சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இந்தத் துணிவு என்றும் இருந்ததல்ல. அங்கே 1855-இல் பிறப்பைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதிவேடு ஆங்கிலத்தில். ஆகவே வீட்டில் 'மோர்' என்று அழைக்கப்பட்ட பெண் ஏட்டில் சாரா ஆனாள். 'பெஹக்' ரெபெக்கா ஆனாள். ஒலியிலோ பொருளிலோ பெரிய தொடர்பு இல்லை. எழுதுகிறவருக்குப் பழக்கமான பெயர், அவ்வளவுதான். 1872-இல் வந்த கல்விச் சட்டத்திலும் கேலிக்குக்கு இடமில்லை. அடுப்படியில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று தலைமுறைகள் வளர்ந்தன. பிறர் வசதிக்காகப் பெயரை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடுத்தது தொன்மை. பழமையான பெயராக வேண்டும் என்பவர்கள் 'ஃபியோனா' கதையைக் கேட்க வேண்டும். கேட்டவுடன் ஏதோ புராண கால அரசி போலத் தோன்றும். ஆனால் 1760-களில் ஜேம்ஸ் மெக்பர்சன் என்ற கவிஞர், 'வெண்மை' என்னும் பொருள்பட்ட கேலிக் சொல்லிலிருந்து ஆக்கிய பெயர் அது. 1890-களில் வில்லியம் ஷார்ப் என்ற ஆண் எழுத்தாளர் ஃபியோனா மெக்லவுட் என்ற புனைபெயரில் எழுதிய பிறகுதான் பரவியது. இன்று யாரும் அதைப் போலி என்று ஒதுக்குவதில்லை. காரணம், எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தம் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை. முருகன் என்பவனை 'முருகா' என்றுதானே அழைக்கிறோம்? கேலிக்கிலும் விளி உண்டு. நமக்குச் சொல்லின் கடைசி மாறும். அவர்களுக்கு முதல் ஒலியும் மாறும். 'மாரி' என்ற பெண்ணைக் கூப்பிடும்போது 'அ வாரி' என்பார்கள். கூப்பிடும் அந்த வடிவமே பின்னர் தனிப் பெயராகி, இன்று ஸ்காட்லாந்தில் வாரி என்றே பல பெண்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு வைக்கும் 'ஹேமிஷ்' என்பதும் அப்படியே. 'ஷேமஸ்' என்பவனை விளிக்கும் வடிவம் அது. ஏட்டில் இருந்த பெயரைவிட வாசலில் நின்று கூப்பிட்ட பெயர் வலிமை வாய்ந்ததாக இருந்திருக்கிறது!

ஆகவே என் அளவுகோல் ஒன்றே. அந்தப் பெயரை அதன் சரியான ஒலியோடு தினமும் கூப்பிட வீட்டில் ஆள் உண்டா? உண்டென்றால் தாராளமாக வைக்கலாம். இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். 2022 கணக்கெடுப்பில், கேலிக் ஓரளவேனும் தெரிந்தவர்கள் ஸ்காட்லாந்து முழுவதிலும் சுமார் 1,30,000 பேர்; 2011-இல் சுமார் 87,000. ஆனால் அம்மொழி பேச்சுமொழியாக வாழும் மேற்குத் தீவுகளில் அந்த விகிதம் 61 சதவீதத்திலிருந்து 57 ஆகக் குறைந்துவிட்டது. பெயர்ப் பட்டியலில் கேலிக் பெயர்கள் மிளிர்வதால் மட்டும் மொழி வாழ்ந்துவிடாது.

கிளாஸ்கோவில் 2006 முதல் மழலையர் வகுப்பிலிருந்து உயர்நிலை வரை கேலிக் வழியில் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. குழந்தையை அங்கே சேர்க்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பெயருக்கு வேர் கிடைக்கும். இன்னொன்றும் சொல்வேன். ஸ்காட்லாந்தில் மூத்த பெண்ணுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரும், அடுத்தவளுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரும் வைப்பது பழைய வழக்கம். பாட்டன் பாட்டி பெயரைத் தாங்குவதால்தான் நாம் பேரன், பேத்தி என்கிறோம். இரு வழக்கமும் ஒன்றுதான். இந்தக் குழந்தைக்குப் பாட்டி பெயரும் சேர்ந்திருக்கட்டும். 'ஏலி' என்று வைத்தால் நம் உறவினர் வாயில் அது 'எலி' ஆகிவிடும். 'மாரி' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு அது மரியாளின் பெயர். நமக்கு மழையின் பெயர், அம்மன் பெயர். ஒலி தற்செயலாக ஒத்துப் போனாலும் இரு வீட்டாரும் கூசாமல் கூப்பிடலாம்.

தில்லியில் இருக்கும் நாமும் இதை யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் தேன்மொழிகளும் தமிழ்ச்செல்விகளும் வளர்கிறார்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் இந்தியில் பதில் வருகிறது. 'ழ' வராத ஆசிரியை 'தேன்மொலி' என்கிறார். வீட்டிலோ அவள் 'பிங்கி'. அப்படியானால் அந்த அழகான பெயர் யாருக்காக? நல்ல தமிழ்ப் பெயரைத் தேடி வைத்த பெற்றோர், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடட்டும். கூப்பிட்ட பின் அடுத்த வாக்கியத்தையும் தமிழிலேயே பேசட்டும்.